பாடகர் மாறினால் குழுவும் மாறிவிடுமா? ஒரு ராக் குழுவின் அடுத்த ஆல்பத்தைக் கேட்பது எப்படி

நமக்கு ஆல்பம் என்றால் ஒரு படத்தின் பாட்டுகள். ஐந்தோ ஆறோ பாட்டு, பாட்டுக்கொரு பாடகர், கதைக்கேற்ற மெட்டு. அடுத்த படத்தில் கதை வேறு, நாயகன் வேறு, பாடுகிறவர்களும் பெரும்பாலும் வேறு. இசையமைப்பாளர் அதே ஆள்தான் என்றாலும், போன படத்தின் ஒலி ஏன் இதில் இல்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. படம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ராக் குழுவுக்கு இந்த வசதி கிடையாது. நாலைந்து பேர், அவர்களே எழுதி, அவர்களே வாசித்து, அவர்களே பாடி, எட்டோ பத்தோ பாட்டை ஒரு தொகுப்பாக வெளியிடுகிறார்கள். சாய்ந்துகொள்ளக் கதை இல்லை. ஓரிரு வருடம் கழித்து அதே ஆட்கள் அடுத்த பத்துப் பாட்டோடு வந்து நிற்கிறார்கள். முன்பு செய்ததையே செய்தால் அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்பார்கள். மாற்றிச் செய்தால், பழைய மாதிரி இல்லையே என்பார்கள். ஒரு குழுவின் பெரிய ஆல்பத்துக்கு அடுத்து வரும் ஆல்பம் எப்போதும் இந்த இரண்டு குற்றச்சாட்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது. அதை நியாயமாகக் கேட்பதற்கு ஒரு வழி உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இதை எழுதத் தூண்டியவர்கள் எங்கள் கரையில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கோயில் பாடற்குழுவில் ஏழெட்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கற்றுக்கொண்டவுடன், போனில் வெளிநாட்டுக் குழுக்களைத் தேடிக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். இரவில் இலங்கை வானொலி தெளிவாக விழுந்த கரை இது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் பாட்டைக் கேட்பது இங்கே புதிய பழக்கமல்ல. என் அக்கா மகனும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். ஏசி/டிசி குழுவின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, “மாமா, ரெண்டும் ஒரே குழுவா? பாடுறது வேற ஆளு மாதிரி இருக்கே” என்றான். பாடுவது வேறு ஆள்தான். ஆனால் அவன் கேள்வியின் முதல் பாதிக்கு அது பதிலாகிவிடாது.

அவன் கேட்ட இரண்டு ஆல்பங்கள்: 1979 ஜூலையில் வந்த ‘ஹைவே டு ஹெல்’, 1980 ஜூலையில் வந்த ‘பேக் இன் பிளாக்’. நடுவில் ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் அந்தக் குழுவின் பாடகர் இறந்துபோனார். அடுத்த ஆல்பம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஹார்டு ராக் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலிருந்து கிளைத்த பாணி. கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் கரகரக்கவிட்டு, ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அந்தச் சொற்றொடருக்கு ரிஃப் என்று பெயர். நம் பாட்டில் மெட்டு எப்படி முதலில் மனதில் நிற்கிறதோ, இதில் ரிஃப்தான் முதலில் நிற்கும். டிரம்ஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. இரண்டிலும் நாலிலும் பலமான அடி. பாடகர் இதன் மேல் ஏறி நின்று பாடுகிறார்.

கிட்டார் பொதுவாக இரண்டு. ஒருவர் ரிதம் வாசிப்பார், அதாவது பாட்டு முழுக்க ரிஃபைத் தாங்கிப் பிடிப்பார். இன்னொருவர் லீட், நடுவில் தனி ஆவர்த்தனம் போல் விளையாடுவார். ஏசி/டிசியில் இந்த இருவரும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் மால்கம் யங் ரிதம், தம்பி ஆங்கஸ் யங் லீட். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து, 1963-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, 1973-இல் சிட்னியில் குழுவை ஆரம்பித்தார்கள். பள்ளிச் சீருடையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு மேடை முழுக்க ஓடுகிறவர் ஆங்கஸ். எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். பின்னால் ஸ்பீக்கர் ஓரமாக நின்று, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வாசிப்பவர் மால்கம். குழுவை நடத்தியவர் அவர்தான்.

சரி, புதிதாகக் கேட்கிறவர் எதை முதலில் கேட்பார்? குரலை. நாம் பாடகர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். யார் பாடியது என்பதுதான் நம் முதல் கேள்வி. அதனால்தான் பாடகர் மாறினால் குழுவே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. அடுத்த ஆல்பத்தை ஒப்பிட நான் சொல்லும் வழி இதற்கு நேர் எதிர்: கீழிருந்து மேலே கேளுங்கள். முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை ரிதம் கிட்டார், அதோடு பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார். குரலுக்குக் கடைசியில் வாருங்கள். எது நிலைத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஆட்கள் வடத்தைப் பிடித்து நிற்க, ஒருவர் அம்பா பாட்டில் அடி எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் ஏலேலோ சொல்லி இழுக்கிறார்கள். முன்பாட்டுக்காரர் களைத்துப்போனால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அவர் குரல் வேறு, சொல்கிற வரி வேறு. வலை நிற்பதில்லை. இழுவையின் தாளம் கைகளில் இருக்கிறது. புதிதாகப் பாடுகிறவர்தான் அந்தத் தாளத்துக்குள் வந்து சேர்கிறார். ஏசி/டிசியில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

ஒரு நடைமுறை விஷயம். இந்தப் பயிற்சியைப் போனின் ஸ்பீக்கரில் செய்யாதீர்கள். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்ச் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. கிட்டாரும் குரலும்தான் காதில் விழும். திருவிழாவுக்குக் கட்டும் ரேடியோ செட்டும் உதவாது. அதில் பேஸ் பாக்ஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். டிரம்ஸின் உதை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெட்டவெளியில் உயர்ந்த ஒலிகளும் நில்லாமல் காற்றோடு போய்விடும். சாதாரண ஹெட்போன், மூடிய அறை, அது போதும்.

இனி ‘ஹைவே டு ஹெல்’.

இது அந்தக் குழுவின் முதல் ஆல்பமல்ல. அதற்கு முன்பே பல ஆல்பங்கள் போட்டிருந்தார்கள். அவற்றைத் தயாரித்தவர்கள் அவர்களுடைய மூத்த அண்ணன் ஜார்ஜ் யங்கும் அவர் கூட்டாளி ஹாரி வாண்டாவும். இங்கே தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று அர்த்தமில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு எவ்வளவு வேகம், எந்தக் கருவி எவ்வளவு சத்தம், எந்த வாசிப்பைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் அவர். ஒரு குழுவின் இரண்டு ஆல்பங்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன என்றால், பாதி நேரம் காரணம் தயாரிப்பாளர் மாறியதாகத்தான் இருக்கும். உறையின் பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டிய பெயர் அது.

1979-இல் அமெரிக்காவில் எடுபடும் ஒலி வேண்டும் என்று ரெக்கார்டு நிறுவனம் விரும்பியது. ஒரு முயற்சி தோற்ற பிறகு வந்த தயாரிப்பாளர் மட் லாங். அவர் குழுவின் அடிப்படையில் கை வைக்கவில்லை. சுற்றியிருந்த புழுதியைத் துடைத்தார். டிரம்ஸ் தெளிவானது, இரண்டு கிட்டாரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்றன. கோரஸில், அதாவது பல்லவி போல் திரும்பத் திரும்ப வரும் பகுதியில், பின்குரல்களை அடுக்கி, கேட்கிறவனும் சேர்ந்து கத்தும்படி செய்தார். முந்தைய ‘பவரேஜ்’ ஆல்பத்தில் ஒரு பாட்டையும் இதில் ஒரு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் அந்தத் துடைப்பு தெரியும். நான் ‘பவரேஜ்’ பக்கம்தான். அந்தக் கரடுமுரடில் ஒரு அழகு இருக்கிறது. ஆனாலும் லாங் வந்திருக்காவிட்டால் கடல் தாண்டி இத்தனை பேருக்கு இந்தக் குழு போய்ச் சேர்ந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆல்பத்தின் பெயரைப் பார்த்து வீட்டிலும் கோயிலிலும் முகம் சுளிப்பார்கள். நரகத்துக்குப் போகும் சாலை என்று பெயர் வைத்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். ஓய்வே இல்லாமல் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் சுற்றுப்பயண வாழ்க்கையைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது என்று ஆங்கஸ் விளக்கியிருக்கிறார். வேறு சில பாட்டுகளில் வார்த்தைகள் பெரியவர்களுக்கானவை. சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் ஆல்பம் இது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாட்டை எடுத்துக்கொள்வோம். தனியாக ஒரு கிட்டார் தொடங்குகிறது. ஏ கார்டு, பிறகு டி, ஜி. கோயில் பாட்டுக்கு நீங்கள் தினமும் பிடிக்கும் அதே கார்டுகள். கவனிக்க வேண்டியது கார்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. அடித்துவிட்டுத் தந்தியை அணைக்கிறார்கள். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அடுத்த அடி. டிரம்ஸ் உள்ளே வருகிறது, பான் ஸ்காட் பாடத் தொடங்குகிறார். இப்போது பேஸைத் தேடுங்கள். முதல் சரணத்தில் பேஸ் இருக்காது. கோரஸை நெருங்கும்போதுதான் அது வந்து சேர்கிறது. வந்த உடனே பாட்டின் அடிப்பகுதி திறந்துகொண்ட மாதிரி ஆகிவிடும். கோரஸ் ஏன் அத்தனை பெரிதாகத் தோன்றுகிறது என்று யோசித்திருந்தால், பாதிக் காரணம் இதுதான். சத்தத்தைக் கூட்டவில்லை. இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பான் ஸ்காட்டின் குரல் கதை சொல்கிறவரின் குரல். வரியை இழுத்து, பாதியில் பேசி, கண்ணடித்துக்கொண்டே முடிப்பார். சுருதியின் உச்சிக்கு அவர் அதிகம் போவதில்லை. அவர் பாடும்போது ஒரு மனிதர் நம்மிடம் நேரில் ஏதோ வம்பு பேசுவதாகத் தோன்றும்.

1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் அவர் இறந்தார். குடித்திருந்த இரவுக்குப் பிறகு நடந்த மரணம். வயது 33.

குழு கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சகோதரர்கள் உட்பட. இறுதிச்சடங்கில் பானின் அப்பாவே, நிறுத்திவிடாதீர்கள், வேறு ஆள் பாருங்கள் என்று சொன்னதாக அவர்கள் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பிரையன் ஜான்சன் என்ற பாடகரைப் பான் ஒருமுறை மேடையில் பார்த்துவிட்டு வியந்து பேசியது அவர்கள் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த ஜான்சன், முன்பு ஜியார்டி என்ற குழுவில் பாடிவிட்டு, அப்போது கார்களின் கூரைக்கு வினைல் உறை போடும் தொழில் செய்துகொண்டிருந்தார். சில வாரங்களில் எல்லோரும் பஹாமாஸ் தீவின் நசாவ் நகரில் இருந்த காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில். ஏப்ரலும் மே மாதமும் பதிவு. தயாரிப்பாளர் அதே மட் லாங். டிரம்ஸில் அதே ஃபில் ரட், பேஸில் அதே கிளிஃப் வில்லியம்ஸ், கிட்டாரில் அதே அண்ணன் தம்பி. ஐந்து பேரில் நாலு பேர் மாறவில்லை.

‘பேக் இன் பிளாக்’ உறை முழுக் கறுப்பு. துக்கத்துக்காகக் குழு அப்படிக் கேட்டது. எழுத்தாவது தெரிய வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியதால் பெயருக்கு மட்டும் மெல்லிய சாம்பல் கோடு.

ஆல்பம் மணியோசையில் தொடங்குகிறது. ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ என்ற பாட்டு. ஒரு கோயில் மணி, மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டு அடிக்கிறது. நம் கரையில் கோயில் மணி எந்த இடைவெளியில் அடித்தால் துக்கமணி என்று எல்லோருக்கும் தெரியும்; இதைக் கேட்டவுடன் யாருக்கான மணி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் மணி வார்க்கும் ஜான் டெய்லர் பட்டறையில் இதற்காகவே ஒரு மணி வார்க்கச் சொன்னார்கள், சுமார் 900 கிலோ எடையில். அதற்கு முன்பு அதே ஊரில் ஒரு மணிக்கூண்டில் பதிவு செய்து பார்த்தபோது, அடித்த ஒவ்வொரு தடவையும் உள்ளே அடைந்திருந்த பறவைகள் சிறகடித்துப் பறந்து ஒலிப்பதிவைக் கெடுத்துவிட்டன. கடைசியில் பட்டறைக்கே போய்ப் பதிவு செய்தார்கள்.

அந்த மணிக்கு மேல் கிட்டார் மெதுவாக ஏறி வருகிறது. அதன் பிறகுதான் டிரம்ஸ். அதற்கும் பிறகுதான் புதிய குரல். பாடகரை இழந்த குழு, புதியவரை உள்ளே விடுவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ‘ஹைவே டு ஹெல்’ பாட்டில் பான் சட்டென்று வந்துவிடுவார். இங்கே இறந்தவருக்கு மரியாதை செய்து முடித்த பிறகே அடுத்தவர் வாய் திறக்கிறார். முந்தைய ஆல்பத்தைத் தெரியாதவருக்கு இது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். தெரிந்தவருக்கு நெஞ்சை அடைக்கும். முந்தையதைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்கு வா என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பதிவு தொடங்கியபோது நசாவில் புயல் மழை. அந்த இடியைக் கேட்டுத்தான் பாட்டின் முதல் வரிகளை எழுதியதாக ஜான்சன் சொல்லியிருக்கிறார். பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டு, படகெல்லாம் கரையில் கிடக்கும் நாட்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த வரிகளை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டுக்கு வருவோம். எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர் அதுதான். ஹை-ஹாட்டில் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) தட்டல், கூடவே அணைத்த தந்தியில் சுரண்டல், அதுதான் எண்ணிக்கை. பிறகு ரிஃப். ஈ ஒரு அடி. நிறுத்தம். டி மூன்று அடி. நிறுத்தம். ஏ மூன்று அடி. அதற்குப் பதில் சொல்வதுபோல் மேலிருந்து இறங்கும் ஒரு சின்னச் சங்கதி. கிட்டார் கையில் இருந்தால் இப்போதே வாசித்துப் பாருங்கள். விரல் வைக்கும் இடம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். நிறுத்தம் வராது. எல்லோரும் அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் பார்ப்பார்கள். தந்தியை அதிரவிடுவார்கள், இல்லையென்றால் அடுத்த அடிக்கு அவசரப்படுவார்கள். மால்கம் அந்த மௌனத்தையும் அடியோடு சேர்த்து வாசித்தார். அவர் வலது கையின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

இங்கே பவர் கார்டு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மேஜர் கார்டில் ச, க, ப மூன்றும் இருக்கும். காந்தாரம்தான் அது மகிழ்ச்சியா சோகமா என்று சொல்லும்: அந்தர காந்தாரம் வைத்தால் மேஜர், சாதாரண காந்தாரம் வைத்தால் மைனர். காந்தாரத்தையே எடுத்துவிட்டு ச, ப மட்டும் வாசித்தால் அது பவர் கார்டு. கரகரப்பு அதிகமாக வைத்த ஆம்ப்ளிஃபயரில் காந்தாரமும் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும். அதனால் பல ராக் குழுக்கள் அதைத் தவிர்க்கின்றன. மால்கம் வேறு வழி கண்டார். கனமான தந்தி, பலமான அடி, சத்தம் நிறைய, கரகரப்பு குறைவு. அதனால் முழு கார்டை அடித்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு ஆல்பத்திலும் இந்த ஒலி அப்படியே இருக்கிறது. என் மருமகனிடம் குரலைப் பற்றி ஒன்றும் பேசாமல் ரிதம் கிட்டாரை மட்டும் இரண்டு ஆல்பத்திலும் கேட்கச் சொன்னேன். “கை ஒரே கைதான் மாமா” என்றான்.

அப்படியானால் எதுதான் மாறியது? வேகம் மாறியது. ‘ஹைவே டு ஹெல்’ பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 116 அடி. ‘பேக் இன் பிளாக்’ சுமார் 94. முந்தையது உங்களைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறது. பிந்தையது நின்று நின்று நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் எடை கூடிவிட்டது. டிரம்ஸைச் சுற்றி இடம் விட்டுப் பதிவு செய்திருப்பதால் ரட்டின் அடி அகலமாக விழுகிறது. எனக்குக் கேட்கும் விதத்தில், மௌனங்களும் பெரிதாகிவிட்டன.

குரல் மாறியது, அது வெளிப்படை. ஜான்சன் பாடுவது தொண்டையின் உச்சியிலிருந்து. பானிடம் இருந்த அந்தக் கண்ணடிப்பு இவரிடம் இல்லை. கதை சொல்லும் நிதானமும் இல்லை. பதிலுக்கு, கிட்டாருக்குச் சமமான இன்னொரு உலோகக் கருவி வந்து சேர்ந்தது. பான் ரிஃபின் மேல் சாய்ந்துகொண்டு பேசினார் என்றால், ஜான்சன் ரிஃபின் அடிகளோடு சேர்ந்து விழுகிறார். ‘பேக் இன் பிளாக்’ சரணத்தில் சொற்கள் எப்படித் துண்டு துண்டாக, தாளத்துக்குள் அடைத்து வருகின்றன என்று கேளுங்கள். பாடுவதில் பாதி, தாளம் போடுவதில் பாதி. பான் இதைப் பாடியிருந்தால் வேறு பாட்டாகியிருக்கும்.

பாடுபொருளில் நடந்த மாற்றம் நுட்பமானது. நண்பன் இறந்த சில மாதங்களில் செய்த ஆல்பத்தில் ஒரு மெதுவான சோகப் பாட்டுகூட இல்லை. தலைப்புப் பாட்டின் வரிகளை ஜான்சனிடம் ஒப்படைத்தபோது, அது பானுக்கானது, ஆனால் ஒப்பாரியாக இருக்கக் கூடாது, அவர் வாழ்ந்ததைக் கொண்டாட வேண்டும் என்று சகோதரர்கள் கேட்டுக்கொண்டார்கள். துக்கம் உறையிலும் மணியிலும் இருக்கிறது. மற்றபடி எல்லாம் துள்ளல். அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அழுகைப் பாட்டு வைத்திருந்தால் அது பானுக்குப் பொருந்தியிருக்காது.

எது சிறந்த ஆல்பம் என்று கேட்டால், பாட்டு எழுதிய விதத்தில் பானின் வரிகளுக்கு ஜான்சனின் வரிகள் ஈடில்லை. ஒலியிலும் கட்டுமானத்திலும் ‘பேக் இன் பிளாக்’ ஒரு படி மேலே. விற்பனையில் போட்டியே இல்லை. 2019-இல் அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடி பிரதிகளுக்கான சான்று அதற்குக் கிடைத்தது.

இந்த முறையை மற்றக் குழுக்களிலும் போட்டுப் பார்க்கலாம். நேர் எதிரான ஒன்று: கன்ஸ் அண்ட் ரோசஸ். 1987-இல் வந்த ‘அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ அவர்களுடைய முதல் முழு ஆல்பம்; பன்னிரண்டு பாட்டு. 1991 செப்டம்பர் 17 அன்று ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ என்ற பெயரில் ஒரே நாளில் இரண்டு ஆல்பம், மொத்தம் முப்பது பாட்டு. பாடகர் அதே ஆக்ஸல் ரோஸ். லீட் கிட்டார் அதே ஸ்லாஷ். குரலை மட்டும் கேட்பவருக்கு அதே குழு. கீழிருந்து கேளுங்கள். டிரம்ஸில் ஸ்டீவன் ஆட்லர் போய் மேட் சோரம் வந்துவிட்டார். ஆட்லரின் அடியில் ஒரு தளர்வான ஊஞ்சலாட்டம் இருந்தது. சோரமின் அடி நேரானது, கனமானது. கீபோர்டுக்கு டிஸ்ஸி ரீட் என்று புதிதாக ஒருவர். ‘நவம்பர் ரெய்ன்’ ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடுகிறது, பியானோவும் வாத்தியக் கூட்டமுமாக. எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். ஆனாலும் 1987-இன் குழு அதில் இல்லை. ஒரே குரல், வேறு உடம்பு.

மறுபடியும் ஏசி/டிசிக்கே வருகிறேன், ஏனென்றால் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்துக்கும் அடுத்தது ஒன்று உண்டே. 1981 நவம்பரில் வந்த ‘ஃபார் தோஸ் அபவுட் டு ராக்’. இதில் யாருமே மாறவில்லை. அதே ஐந்து பேர், அதே லாங். தலைப்புப் பாட்டில் மணிக்குப் பதில் பீரங்கி. அமெரிக்கப் பட்டியலில் முதலிடமும் பிடித்தது. நாலாம் இடத்தோடு நின்ற ‘பேக் இன் பிளாக்’ அதைத் தொடவில்லை. ஆனால் தலைப்புப் பாட்டைத் தாண்டினால் ஆல்பம் தளர்ந்துபோகிறது. பாரிஸில் டிரம்ஸ் ஒலி திருப்தியாக வராமல் இடம் மாற்றிப் பதிவு செய்தார்கள். அந்த அளவு மெனக்கெடல் ஒலியில் தெரிகிறது, ரிஃப்களில் தெரியவில்லை. ஆட்கள் மாறாததாலேயே ஆல்பம் நன்றாக வந்துவிடாது என்பதற்கு இதைக் கேட்கலாம். அதற்குப் பிறகு குழு லாங்கை விட்டுவிட்டுத் தானே தயாரித்தது: 1983-இன் ‘ஃப்ளிக் ஆஃப் த ஸ்விட்ச்’.

உண்மையான சோதனை பல வருடம் கழித்து வந்தது. மறதி நோயால் மால்கம் 2014-இல் விலகினார். அவர் இடத்தில் ‘ராக் ஆர் பஸ்ட்’ ஆல்பத்தில் வாசித்தவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். மால்கம் 2017 நவம்பரில் இறந்தார். 2020-இல் ‘பவர் அப்’ வந்தபோது எல்லாப் பாட்டிலும் எழுதியவர்கள் பெயர் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்றே இருந்தது. அண்ணனும் தம்பியும் முன்பே சேர்த்து வைத்திருந்த யோசனைகளிலிருந்து பிறந்த பாட்டுகள் அவை. இப்போது நிலைமை 1980-க்கு நேர் தலைகீழ்: குரல் அதே ஜான்சன், ரிதம் கிட்டாரில் புதிய கை. ஹெட்போனில் ‘பேக் இன் பிளாக்’ பாட்டை ஒருமுறை ஓடவிட்டுவிட்டு, உடனே ‘பவர் அப்’ ஆல்பத்தில் ‘ஷாட் இன் த டார்க்’ பாட்டைப் போட்டு ரிதம் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஸ்டீவி சித்தப்பாவின் அடியை மிக நெருக்கமாகப் பிடித்திருக்கிறார். நிறுத்தங்கள் மட்டும் அந்த அளவுக்கு வெட்டாக விழவில்லை என்பது என் காதுக்குப் படுகிறது. உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.